வெட்டுத்துணிப் பைக்கு 550 ரூபாயா?

கேள்வி: மதுரையில் ஒரு கண்காட்சியில், ‘பனியன் கம்பெனிக் கழிவில் செய்தது, சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று எழுதியிருந்த தோள்பையை 550 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒரே மாதத்தில் தொங்கிவிட்டது. “கிலோ கணக்கில் கிடைக்கிற வெட்டுத்துணிக்கு இவ்வளவு விலையா?” என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் சிரிக்கிறார். ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: விலையில் ஏமாறவில்லை அம்மா, பையில்தான் ஏமாந்திருக்கிறீர்கள். வெட்டுத்துணி, அதாவது உடை வெட்டும்போது மிஞ்சும் துண்டுகள், மலிவுதான். ஆனால் மூட்டையாக வருவதை ரகம் பார்த்து, நிறம் பார்த்துப் பிரிக்க ஆள் உட்கார வேண்டும். முழுத்துணி என்றால் அடுக்கிவைத்து ஒரே வீச்சில் வெட்டிவிடலாம். துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டுப்போட்டுத்தான் பை அளவுக்குக் கொண்டுவர முடியும். உங்கள் பணத்தில் பெரும்பங்கு அந்தக் கைவேலைக்குப் போகிறது. தையல்காரருக்கு இது தெரியாமல் இருக்காது!

கோளாறு துணித் தேர்வில் இருக்கிறது. பனியன் துணி நெய்தது அல்ல, பின்னியது, இழுத்தால் நீளும். சட்டைக்கு நல்லதான அந்தக் குணம் பைக்குப் பகை. இரண்டு கிலோ வெங்காயம் போட்டால் முழங்காலைத் தொடும். அதில் பை தைப்பவர் உள்ளே நெய்த துணியை உள்துணியாகக் கொடுத்து, கைப்பிடிக்கு நாடா வைத்திருக்க வேண்டும். அடுத்த முறை பையை உள்பக்கம் வெளியே திருப்பிப் பாருங்கள். கைப்பிடி சேரும் இடத்தில் பெருக்கல் குறி போலக் குறுக்குத் தையல் இருக்கிறதா, ஓரம் பிசிர் விடுகிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். வெளியே ஒட்டிய பச்சை இலைப் படம் எதையும் சொல்லாது.

அதே பனியன் துணி கால்மிதிக்கு அருமையானது. பருத்தியாக இருந்தால் ஈரத்தை நன்றாகக் குடிக்கும். பட்டறைகளில் எண்ணெய் துடைக்க அதைத்தான் வைத்திருக்கிறார்கள். கடையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது.

‘சூழலுக்கு உகந்தது’ என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக்கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. எந்தத் துணி, எத்தனை பங்கு கழிவு என்று தாராளமாகக் கேளுங்கள்.

கேள்வி: ‘மறுசுழற்சிப் பஞ்சு’ என்று வாங்கிய தலையணைகள் ஒரே வாரத்தில் கட்டி கட்டியாகிவிட்டன. கடைக்காரர் துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். ‘கழிவுப் பொருளை மாற்றித் தருவதில்லை’ என்கிறார்.
– வாசகர், திருநகர்

பதில்: துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும்போது இழை குட்டையாகிவிடும். அதனால் அதில் நூற்கும் நூல் தடிமனாக, போர்வைக்கும் தரைவிரிப்புக்கும் ஏற்றதாக இருக்கும். சரியாகக் கிழிபடாத துணித்துண்டுகளோடு அதைத் தலையணையில் திணித்தால் கட்டிதான் தட்டும். போடி இலவம்பஞ்சு கைக்கெட்டும் ஊரில் எதற்கு இந்தச் சோதனை!

கடைக்காரர் சொல்வது செல்லாது. பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளை பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு எழுதாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். துண்டுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், தலையணையைப் பிரித்துப் படம் எடுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

கேள்வி: வெட்டுத்துணி வாங்கிச் சமையலறைப் பிடிதுணி தைத்து விற்க நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, மேலூர்

பதில்: நிறத்துக்கு முன் ரகத்தைப் பிரியுங்கள். ஒவ்வொரு ரகத்திலும் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் பாலியஸ்டர். சூடான பாத்திரத்தில் பட்டால் அது உருகி விரலில் ஒட்டும். ஒரு துண்டுகூடப் பிடிதுணியில் சேரக்கூடாது.