ஆல்ஃபா 0.41 வந்ததா? முதலில் மதிப்பெண்ணைத் திருப்பிப் பாருங்கள்
ரோசன்பெர்க் சுயமதிப்பு அளவையைத் தமிழாக்கி மாணவர்களிடம் கொடுத்ததில் கிரான்பாக் ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.41தான் வந்தது, மொழிபெயர்ப்பே வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். 1965இல் வந்த அந்த அளவையின் 10 கூற்றுகளில் 5 எதிர்மறையானவை. ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்பதற்கு 4 (முழுதும் ஒப்புக்கொள்கிறேன்) போட்டவருக்குச் சுயமதிப்பு குறைவு. அந்த ஐந்து கூற்றுகளின் மதிப்பெண்ணையும் 5இலிருந்து கழித்துத் திருப்பிவிட்டு (4 என்றால் 1, 3 என்றால் 2) மறுபடி கணக்கிடுங்கள். திருப்பாமல் விட்டதுதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

அப்புறமும் குறைந்தால், ‘என்மேல் எனக்கு இன்னும் மரியாதை இருந்தால் நன்றாக இருக்கும்’ என்ற கூற்றைப் பாருங்கள். பல ஆசிய மொழிகளில் தகராறு செய்த கூற்று அது. அதுவும் எதிர்மறைக் கூற்றுதான், ஆனால் மாணவர்கள் அதை நல்ல ஆசையாகவே எடுத்துக்கொள்ளலாம். நாலைந்து பேரை உட்காரவைத்து என்ன புரிந்தது என்று கேளுங்கள்.

ஆல்ஃபா 0.8 வந்தாலும் அது உள்ளிசைவு மட்டும்தான், அதாவது கூற்றுகள் தங்களுக்குள் ஒத்துப்போவது. ஏற்புடைமைக்கு (அளவை உண்மையில் சுயமதிப்பைத்தான் அளக்கிறதா என்பதற்கு), மனச்சோர்வு அளவை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து எதிர்த்தொடர்பு வருகிறதா, அதாவது ஒன்று கூடும்போது மற்றது குறைகிறதா என்று பாருங்கள்.