சிஎஸ்எஸ் கோப்பு வந்து சேராத பக்கங்கள்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் நூலகத் தளத்தின் முகப்பு சரியாக இருக்கிறது. ‘நிகழ்வுகள்’ பகுதிக்குள் போனால் வண்ணங்கள் இல்லை. வெறும் எழுத்தும் நீல நிற இணைப்புகளும் மட்டும் தெரிகின்றன.

பதில்: முகப்பு ஒழுங்காகத் தெரிவதால், பக்கத்துக்கு வண்ணமும் அமைப்பும் தரும் சிஎஸ்எஸ் கோப்பு சர்வரில் இருக்கிறது, கோளாறு அதன் பாதையில்தான். ‘சிஎஸ்எஸ்/ஸ்டைல்.சிஎஸ்எஸ்’ என்று முன்னால் சாய்கோடு இல்லாமல் எழுதினால், உலாவி அதை ‘நிகழ்வுகள்’ கோப்புறைக்குள்ளேயே தேடி, அங்கே இல்லாததால் 404 (கோப்பு இல்லை) என்ற பதிலைப் பெறும். தொடக்கத்தில் ஒரு சாய்கோடு இடுங்கள். எந்தப் பக்கத்திலிருந்தும் தளத்தின் வேரிலிருந்தே தேடும்.

கேள்வி: எனக்கு 404 வரவில்லை, 200 (கிடைத்தது) என்றே காட்டுகிறது. ஆனாலும் பக்கம் அலங்காரமின்றி நிற்கிறது.

பதில்: பலரையும் நாள்கணக்கில் அலைக்கழிப்பது இந்தக் கோளாறுதான். எஃப்12 விசையை அழுத்தி, ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்து, பக்கத்தை மீண்டும் ஏற்றி, அந்தக் கோப்பின் வரியைச் சொடுக்கி, ‘கன்டென்ட்-டைப்’ (வந்த கோப்பின் வகை) என்ன என்று பாருங்கள். ‘டெக்ஸ்ட்/சிஎஸ்எஸ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்’ என்று இருந்தால், பெரும்பாலும் சர்வர் கோப்புக்குப் பதிலாக வேறொரு பக்கத்தை அனுப்பியிருக்கிறது என்று பொருள். இல்லாத முகவரிகளையெல்லாம் முகப்புக்குத் திருப்பிவிடும் விதி எழுதப்பட்ட தளங்களில் இது வழக்கம். உறுப்பினர் அல்லாதவரை உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பும் தளங்களிலும் அப்படியே. கோப்பின் முகவரியைத் தனியாகத் திறந்து பார்த்தால் உண்மை உடனே தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் சிஎஸ்எஸ் வரிகளைத் திருத்துவது வீண் உழைப்பு என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: விண்டோஸ் கணினியில் சரியாக இருந்தது, லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் போய்விட்டது.

பதில்: லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகக் கொள்ளும். கோப்புப் பெயர்கள் அனைத்தையும் சிறிய எழுத்தில் வையுங்கள்.

கேள்வி: எச்டிடிபிஎஸ்-க்கு மாறிய பிறகு பாதிப் பக்கங்கள் வெறுமையாகிவிட்டன.

பதில்: அந்தப் பக்கங்களில் சிஎஸ்எஸ் முகவரி இன்னும் பழைய எச்டிடிபி-யாகவே இருக்கும், பாதுகாப்பான பக்கத்துக்குள் அதை உலாவி அனுமதிக்காது. வார்ப்புருக்களில் மட்டுமன்றி, தரவுத்தளத்தில் பதிவான முழு முகவரிகளையும் மாற்றுங்கள்.

கேள்வி: திருத்திவிட்டேன். எனக்குச் சரியாகத் தெரிகிறது. உறுப்பினர்களுக்குப் பழையபடியே இருக்கிறது.

பதில்: அவர்கள் உலாவி சேமித்து வைத்த பழைய கோப்பைக் காட்டுகிறது. கைப்பேசியில் படிக்கும் பெரியவர்களிடம் கேஷை (உலாவியின் சேமிப்பை) அழிக்கச் சொல்வது முறையன்று. தளம் கெட்டுவிட்டதென்று எண்ணித் திரும்பிவிடுவார்கள். இணைப்பில் கோப்புப் பெயருக்குப் பின் கேள்விக்குறியிட்டு ‘வி=2’ என்று சேருங்கள்; உலாவி அதைப் புதிய முகவரியாகக் கருதிப் புதிதாகப் பெறும். இடையில் சிடிஎன் (தளத்தின் கோப்புகளை நகலெடுத்து வைத்து வழங்கும் சர்வர்கள்) இருந்தால் அதன் சேமிப்பையும் அழித்துவிடுங்கள்.