கையெழுத்துக்கு முன் கவுன்ட்டரில் கேளுங்கள்

கேள்வி: கும்பகோணத்தில் இரண்டு மருந்துக்கடைகள் நடத்துகிறேன். பில், இருப்பு, கொள்முதல் மூன்றுக்கும் சேர்த்து ஒரு சிறு நிறுவனம் மென்பொருள் எழுதித் தருகிறது. முன்பணம் கொடுத்துவிட்டேன். இப்போது மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று பட்டியலிடும் 60 பக்கத் தேவை ஆவணத்தை அனுப்பி, கையெழுத்திட்டால்தான் வேலையைத் தொடங்குவோம் என்கிறார்கள். பாதிக்கு மேல் புரியவில்லை. கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போது போடாதீர்கள். 'எனக்கு வேண்டியது இவ்வளவுதான்' என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும் கையெழுத்து அது. அதில் இல்லாத எதைப் பிறகு கேட்டாலும் கூடுதல் வேலை என்று தனிக் கட்டணம் கேட்பார்கள்.

நிறுவனத்தாரைக் கடைக்கே வரச்சொல்லுங்கள். பில் போடுபவர், கொள்முதல் பார்ப்பவர், மருந்தாளுநர், கணக்காளர் எல்லோரும் உட்காரட்டும். முதலாளிக்கு எதிரில் ஊழியர்கள் வாய் திறக்கத் தயங்குவார்கள்; அரை மணி நேரமாவது நீங்கள் வெளியே போய்விடுங்கள். உங்களுக்கே தெரியாத பல நடைமுறைகள் அப்போதுதான் வெளிவரும்.

ஆவணத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். கூட்டம் மிகுந்த ஒரு நாளின் பில்களை எடுத்துவைத்து, 'இதை உங்கள் மென்பொருள் எப்படிப் போடும், எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்?' என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பத்து மாத்திரை அட்டையில் நான்கை மட்டும் வெட்டிக் கொடுத்தால், மீதி ஆறு அதே பேட்ச் எண்ணோடும் காலாவதித் தேதியோடும் இருப்பில் நிற்குமா? பத்துக்கு ஒன்று இலவசமாக வந்த சரக்கின் அடக்கவிலை எப்படிக் கணக்காகும்? காலாவதியான மருந்தை விநியோகஸ்தருக்குத் திருப்பி அனுப்பினால், அவர் ஈடு தரும்வரை அந்தத் தொகை எங்கே நிற்கும்? மருந்து விதிகளின் அட்டவணை எச்1இல் உள்ள மருந்துகளுக்கு (மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய சில ஆன்டிபயாடிக் போன்றவை) மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அது ஆவணத்தில் இல்லையென்றால், எழுதியவர் மருந்துக்கடையைப் புரிந்துகொள்ளவில்லை என்றே கொள்ளுங்கள்.

வரியையும் விட்டுவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. இப்படி மாறும்போது விகிதத்தை உங்கள் கணக்காளரே மாற்ற முடியுமா, ஒவ்வொரு முறையும் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டுமா என்பது எழுத்தில் இருக்கட்டும்.

'வேகமாக', 'எளிதாக' போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். மருந்தின் பெயரைத் தட்டினால் இரண்டு நொடிக்குள் திரையில் வர வேண்டும் என்பதுபோல் சோதித்துப் பார்க்கக்கூடியதாக எழுதச்சொல்லுங்கள்.

இவ்வளவு பார்த்தாலும் சில விட்டுப்போகும். திரையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பலருக்குத் தம் தேவையே தெரிகிறது. ஆகவே இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, முடிந்த பகுதியைக் கவுன்ட்டர் ஊழியர் கையாலேயே இயக்கிப் பார்க்க ஏற்பாடு கேளுங்கள். தவணைப் பணத்தையும் அதோடு இணைத்துவிடுங்கள். மாற்றம் கேட்டால் அதற்கான செலவையும் தாமதத்தையும் அன்றே தேதியோடு எழுதி வாங்குங்கள். ஒரு மாதக் கணக்கு முழுவதும் சரியாக முடிந்து, ஜிஎஸ்டி விவரமும் பொருந்திய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

இன்னொன்று: வெளியார் எழுதிய மென்பொருளின் பதிப்புரிமை, எழுத்துமூலம் மாற்றித் தராதவரை, பொதுவாக எழுதியவரிடமே இருக்கும். மூல நிரல் (மென்பொருளை உருவாக்க எழுதிய நிரல் வரிகள், source code) உங்களுக்கு வேண்டுமென்றால் அதை இப்போதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: பிறகு தகராறு வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழிலால் பிழைப்பவர் அதற்காக வாங்கிப் பயன்படுத்தும் பொருள்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஊழியர்களை வைத்து இரண்டு கடை நடத்துபவருக்கு அது பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். உரிமையியல் நீதிமன்றம் போக நேர்ந்தால், திருத்திய ஆவணங்களும் ஒவ்வொரு கூட்டத்துக்குப் பின் அனுப்பிய மின்னஞ்சல்களும்தான் உங்கள் பக்கம் பேசும். அவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.