ஆர்டர் மெயிலும் ஸ்பேமில் விழுகிறதா? முகவரிப் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள்

கேள்வி: ஈரோட்டில் கைத்தறிப் போர்வை, துண்டு விற்கும் கடை வைத்திருக்கிறேன். இணையத்திலும் விற்பனை உண்டு. கனடா, லண்டனிலிருந்தும் வாங்குகிறார்கள். பில் போடும்போது கேட்டு வாங்கியது, கண்காட்சிகளில் குலுக்கல் சீட்டில் எழுதி வாங்கியது என்று சுமார் 9,000 இமெயில் முகவரிகள் கையில் இருக்கின்றன. போன தீபாவளிக்கு எல்லோருக்கும் தள்ளுபடி மெயில் அனுப்பினேன். அதிலிருந்து ஆர்டர் உறுதி மெயில்கூட ஜிமெயிலில் ஸ்பேமுக்குப் போகிறது. எந்த செட்டிங்கை மாற்றவேண்டும்? 50,000 முகவரிகள் விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். மற்றதையெல்லாம் சரிசெய்து முடித்த பிறகும், உங்களை மறுபடி இதே இடத்துக்குக் கொண்டுவர அந்த ஒரு பட்டியல் போதும். விலைக்கு வரும் பட்டியல்களில் செத்துப்போன முகவரிகளோடு, ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடிக்கவே வைத்த பொறி முகவரிகளும் கலந்திருக்கும். பொறி முகவரியை யாரும் எந்தக் கடையிலும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆகவே அதற்கு ஒரு விளம்பர மெயில் வந்தாலே, அனுப்பியவர் அனுமதி கேட்கவில்லை என்பது தெரிந்துவிடும். ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகளின் தடைப்பட்டியலில் உங்கள் டொமைன் (இமெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

செட்டிங் கேட்டீர்கள். அதை ஒரே நாளில் முடித்துவிடலாம். ஒரே நாளில் ஜிமெயில் கணக்குகளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்கவேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கூகுள் கட்டாயமாக்கியது, யாஹூவும் அப்படியே. உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்பதை எஸ்பிஎஃப் சொல்கிறது. டிகிம் ஒவ்வொரு மெயிலிலும் கையெழுத்து வைக்கிறது. அனுப்புநர் இடத்தில் தெரியும் பெயரும் இவையும் பொருந்துகின்றனவா, பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பது டிமார்க்கின் வேலை. தீபாவளி மெயில் ஒரே நாளில் போயிருந்து, அதில் ஜிமெயில் முகவரிகள் 5,000-ஐத் தாண்டியிருந்தால், அந்த ஒரு தடவையிலேயே மொத்தமாக மெயில் அனுப்புகிறவர் என்ற கணக்கில் நீங்கள் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டீர்கள். அதற்குக் கீழே என்றாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இல்லாமல் முடியாது. சிறு கடைகளில் நான் அடிக்கடி பார்ப்பது ஒன்று உண்டு: மெயில் அனுப்பும் சேவைக்குப் பணம் கட்டிவிட்டு, அனுப்புநர் முகவரியாகக் கடையின் ஜிமெயில் ஐடியையே போடுவது. அந்த மெயில் கூகுளின் சர்வரிலிருந்து போகாததால் சோதனையில் தோற்கும். சொந்த டொமைன் முகவரிக்கு மாறுங்கள்.

ஆர்டர் மெயிலுக்கும் தள்ளுபடி மெயிலுக்கும் தனித்தனி சப்டொமைன் (டொமைனின் கிளைப் பெயர்) வைப்பது நல்லது. ஒன்றின் கெட்ட பெயர் மற்றதை அவ்வளவாகத் தொடாது. ஆனால் 5,000 கணக்கில் எல்லா சப்டொமைன்களும் ஒன்றாகவே சேரும்.

இத்தனையும் செய்து முடித்தால் அனுப்புவது நீங்கள்தான் என்று ஜிமெயில் நம்பும், அவ்வளவுதான். பெறுகிறவர் அதை விரும்புகிறாரா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்வது 'ஸ்பேம்' பொத்தானை அழுத்தும் விரல்கள். புகார் விகிதம் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும், 0.3-ஐத் தொடவே கூடாது என்கிறது கூகுள். அதாவது இன்பாக்ஸில் விழுந்த ஆயிரம் மெயிலுக்கு மூன்று பேர் எரிச்சல்பட்டால் போதும். குலுக்கலில் குக்கர் கிடைக்கும் என்று சீட்டு எழுதியவர், இரண்டு வருடம் கழித்துத் தெரியாத கடையிலிருந்து தள்ளுபடி மெயில் வந்தால் என்ன செய்வார்? விலகும் வழியையும் பாருங்கள். அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே 'அன்சப்ஸ்கிரைப்' தெரியும்படி மெயிலின் ஹெடர் என்னும் தலைப்புத் தகவலில் அதைச் சேர்க்கவேண்டும்; ஒரே சொடுக்கில் முடியவேண்டும்; இரண்டு நாளுக்குள் பெயரை நீக்கவேண்டும். விலக வருகிறவரை லாகின் செய்யச் சொன்னால் அவர் ஸ்பேம் பொத்தானைத்தான் தேடுவார்.

சட்டமும் இதையே கேட்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் தொடர்பான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம், ஆக 2027 மே. சட்டத்திலேயே மருந்துக்கடை உதாரணம் ஒன்று இருக்கிறது: பணம் கட்டியதற்கு ரசீது அனுப்பும்படி வாடிக்கையாளர் தன் மொபைல் எண்ணைக் கொடுத்தால், ரசீது அனுப்ப அதைப் பயன்படுத்தலாம். உங்கள் பில் முகவரிகளும் இந்த வகைதான். தள்ளுபடி மெயிலுக்குத் தனியாகக் கேட்டு, அவர் தெளிவாகச் சம்மதம் சொல்லியிருக்கவேண்டும். முன்கூட்டியே டிக் அடித்து வைத்த பெட்டி சம்மதம் ஆகாது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்கவேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வாய்ப்பு தரவேண்டும் என்பது எனக்கு மிகப் பிடித்த பகுதி. பவானியிலிருந்து வந்து துண்டு வாங்குகிறவர், தான் எதற்கு ஒப்புக்கொள்கிறார் என்று புரிந்து எழுதுவார்.

கனடாவில் விதி வேறு. பொருள் வாங்கியவருக்கு, வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருடம் வரை மறைமுக ஒப்புதல் உண்டு, அதாவது அவர் சொல்லாமலே சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். பிரிட்டனில் வாங்கியவருக்கு அதே போன்ற பொருள்கள் பற்றி அனுப்பலாம், முகவரி வாங்கும்போதும் ஒவ்வொரு மெயிலிலும் மறுக்க வழி கொடுத்திருந்தால்.

'எல்லோருக்கும் ஒரு மெயில் போட்டுச் சம்மதம் கேட்டுவிடுகிறேன்' என்று உடனே தோன்றும். வேண்டாம். பிளைபீ விமான நிறுவனம் 2016-இல், விளம்பரம் வேண்டாம் என்று ஏற்கெனவே சொன்னவர்களுக்கு 33 லட்சம் மெயில்கள் அனுப்பி, விவரங்களைச் சரிபார்க்கச் சொன்னது. 2017 மார்ச்சில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 70,000 பவுண்டு அபராதம் விதித்தது. 'எங்கள் தகவல் வேண்டுமா?' என்று கேட்டு அனுப்பிய ஹோண்டாவுக்கு 13,000 பவுண்டு. சம்மதம் கேட்கும் மெயிலும் விளம்பர மெயில்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

எனவே குலுக்கல் சீட்டு முகவரிகளை நீக்கிவிடுங்கள். பில் முகவரிகளை ரசீதுக்கும் ஆர்டர் தகவலுக்கும் மட்டும் வையுங்கள். பார்சலில் கியூஆர் கோடு அச்சிட்ட சிறு அட்டை ஒன்றைப் போட்டு, 'புது நெசவு வரும்போது மெயில் வேண்டுமா?' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கேளுங்கள். பதிவு செய்தவருக்கு உறுதிப்படுத்தும் மெயில் போகட்டும். அவர் அதைச் சொடுக்கிய தேதி, அப்போது பார்த்த வாசகம் இரண்டையும் சேமியுங்கள். பட்டியல் சில நூறாகச் சுருங்கலாம். அந்தச் சில நூறு பேர் திறந்து படிப்பார்கள், பதில் எழுதுவார்கள், வாங்குவார்கள். கெட்டுப்போன பெயரை ஜிமெயிலிடம் மீட்டுத் தருவது அவர்கள்தான். அப்படிப் பதிவு செய்தவர்களிலும் முதலில் அண்மையில் வாங்கியவர்களுக்கு அனுப்புங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நம்பாதீர்கள். 2021-இலிருந்து ஆப்பிள் மெயில், வாடிக்கையாளர் பார்க்காவிட்டாலும் படங்களைத் தானே இறக்கிவிடுவதால், திறக்காததும் திறந்ததாகப் பதிவாகும். சொடுக்கையும் ஆர்டரையும் எண்ணுங்கள். அனுப்புகிறவர்கள் தங்கள் மெயிலின் நிலையைப் பார்க்கக் கூகுள் தரும் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் புகார் விகிதம் திடீரென்று இறங்கினால் உடனே மகிழவேண்டாம். ஸ்பேமில் விழுந்த மெயில்கள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. அதே வாரம் ஜிமெயில் முகவரிகளிலிருந்து வந்த சொடுக்குகளும் குறைந்திருந்தால், மெயில்கள் இன்பாக்ஸுக்கே போகவில்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த மெயிலை நிறுத்திவையுங்கள்.