கோபுரத்துக்கு நம்மைத் தெரியாது

அன்புள்ள ஐயா,

தொலைக்காட்சி ஒளிபரப்பு மறைவது பற்றிச் சென்ற வாரம் வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் டிவி இருக்கிறது, சேனல்கள் இல்லை. எல்லாமே இணையம்தான். ‘எட்டரை மணிக்குத்தான் வரும்’ என்றால் பிள்ளைகளுக்குப் புரிவதே இல்லை. அழுகையும் கூச்சலும் விளம்பரமுமாக வீட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஒன்று போவதற்கு ஏன் வருந்த வேண்டும்?

ம.

அன்புள்ள ம.,

அழுகை, கூச்சல், விளம்பரம் மூன்றும் எங்கேயும் போகவில்லை, கைபேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டன. நான் வருந்தியது நிகழ்ச்சிகளுக்காக அல்ல, அவற்றை அனுப்பும் முறைக்காக.

ஒளிபரப்புக் கோபுரம் அலையை ஒருமுறை அனுப்பினால் போதும். அதைப் பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் அனுப்பும் செலவு ஒன்றுதான். யார் பார்க்கிறார்கள் என்பதும் அதற்குத் தெரியாது. இணையத்தில் பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் தனி இலை போட்டுப் பரிமாற வேண்டும். கூட்டம் சேர்ந்தால் பந்தி திணறும். 2024 நவம்பரில் டைசன் – ஜேக் பால் குத்துச்சண்டையை நெட்ஃப்ளிக்ஸ் நேரலையாகத் தந்தபோது ஏராளமானோருக்குப் படம் நின்று நின்றுதான் வந்தது.

கோபுரம் ஊரையே ஒரே நேரத்தில் பார்க்கவும் வைத்தது. 1990 ஜூலை 4, உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதி. மேற்கு ஜெர்மனியிடம் இங்கிலாந்து பெனால்டியில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் பிரிட்டனின் மின்தேவை ஒரேயடியாக 2,800 மெகாவாட் எகிறியது. தோற்ற துக்கத்தில் ஊரே எழுந்துபோய்த் தேநீருக்குக் கெட்டிலைப் போட்டிருக்கிறது! அங்கே மின்தொகுப்பை இயக்குபவர்கள் டிவி நிகழ்ச்சி நிரலைப் பார்த்துத்தான் தயாராக இருப்பார்கள். இப்படித் திடீரென்று எகிறும் தேவைக்கு, வேல்ஸில் மலைக்குள் இருக்கும் டினார்விக் நீர்மின் நிலையத்தைச் சில நொடிகளில் முழு வேகத்துக்குக் கொண்டுவந்துவிட முடியும்.

இப்போது நானும் ஆட்டத்தை இணையத்தில்தான் பார்க்கிறேன். மாடிவீட்டில் “கோல்!” என்று அலறுகிறார்கள், என் திரையில் பந்து இன்னும் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. அரை நிமிடம் கழித்துத் தனியாகக் கத்த வெட்கமாக இருக்கிறது.

ஒரே கோபுரம் என்பதில் ஆபத்தும் உண்டு, மறுக்கவில்லை. 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றபோது சோவியத் தொலைக்காட்சியில் பாலே நடனம்தான் ஓடியது. கோபுரம் யார் கையில் இருக்கிறதோ அவர் காட்டுவதுதான் காட்சி. ஆனால் இணையத்தில் அந்தக் கை யாருடையது என்றே நமக்குத் தெரிவதில்லை, அதற்கு நம்மை நன்றாகத் தெரிகிறது.

ஒளிபரப்பு போகத்தான் போகிறது என்று நீங்கள் நினைப்பது சரியாகவே இருக்கலாம். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனத்தின்படி, அமெரிக்காவில் 2025 மே மாதத்தில் டிவி பார்க்கும் நேரத்தில் இணையவழிக் காட்சி (ஸ்ட்ரீமிங்) முதல்முறையாக ஒளிபரப்பையும் கேபிளையும் சேர்த்தே முந்திவிட்டது. சுவிட்சர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனம் 2019லேயே தரைவழி டிவியை, அதாவது கோபுரத்திலிருந்து ஆன்டெனாவுக்கு வருவதை, நிறுத்திவிட்டது. அங்கே ஆன்டெனாவில் பார்த்தவர்கள் மிகச் சிலர். டிவி வைத்திருந்த அலைக்கற்றைமீது செல்பேசி நிறுவனங்களுக்கும் ஒரு கண். 2017இல் அமெரிக்காவில் ஏலம்விட்ட அலைக்கற்றை 1,980 கோடி டாலருக்குப் போனது. பிரிட்டனில் தரைவழி டிவி 2034 வரை தொடர்வதாக உறுதி தந்திருக்கிறார்கள். இணையத்துக்கு மாதாமாதம் பணம் கட்ட முடியாதவர்களும் தனியாக வாழும் முதியவர்களும் அதற்குப் பிறகு எதைப் பார்ப்பார்கள் என்பதுதான் அங்கே இப்போது சண்டை.

உங்கள் டிவிக்குப் பின்னால் ஆன்டெனா சொருகும் துளை இருக்கிறதா பாருங்கள். உங்கள் பகுதியில் அலை இன்னும் வருமானால், இணையம் படுத்துவிட்ட ஒருநாள் ஒரு கம்பியைச் சொருகிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அழுகையும் கூச்சலும்தான் வரும். ஆனால் சுற்றிக்கொண்டே நிற்காமல் வரும்.