லஞ்ச வழக்கில் கை சிவந்தாலே குற்றம் நிரூபணமாகிவிடுமா?

ஆகாது. கடலூர் பக்கம் ஒரு கிராம நிர்வாக அலுவலர் பட்டா மாற்றத்துக்கு 3,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லஞ்ச ஒழிப்புப் போலீஸில் புகார் கொடுத்தால், நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு பினாப்தலீன் பொடி தடவித் தருவார்கள். வாங்கிய கையை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும். வேட்டியில் பட்ட மஞ்சள் கறை சோப்பு போட்டதும் சிவக்கிறதே, அதுபோலத்தான். கரைசலைப் புட்டியில் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

ஆனால் இது பணம் கைபட்டதை மட்டுமே காட்டும். 'கைமாற்றாகக் கொடுத்த கடனைத் திருப்பித் தந்தார்' என்று அலுவலர் சொல்லிவிடலாம். அதனால்தான் லஞ்சம் கேட்டதையும் வாங்கியதையும் சேர்த்தே நிரூபிக்க வேண்டும். 2022இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் இதை உறுதி செய்தது. வேறு துறை ஊழியர் ஒருவரைச் சாட்சியாகப் புகார்தாரருடன் அனுப்புவது அந்தப் பேச்சைக் காதால் கேட்கத்தான். அந்தச் சாட்சி வாசலிலேயே நின்றுவிட்டால் வழக்கு அங்கேயே ஆட்டம் காணும். புகார்தாரர் நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சி ஆனாலும் மற்ற சாட்சியங்களைக் கொண்டு நிரூபிக்கலாம்.

'கொடுத்தவரும் குற்றவாளிதானே' என்று பலர் புகாருக்கே பயப்படுகிறார்கள். முன்பே போலீஸில் சொல்லிவிட்டுக் கொடுத்தால் குற்றமில்லை, கட்டாயத்தால் கொடுத்தவரும் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம்.