பேத்தை மீனில் புழு இருந்தால் நஞ்சு இருக்காதா?

வாசகர் கேள்வி: கடலோரம் விரித்த வலையில் இரண்டு பேத்தை மீன்கள் சிக்கின. ஒன்றை அறுத்தபோது சதையில் அரிசி மாதிரி வெள்ளைப் புழுக்கள் இருந்தன. செவுளில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. ‘நஞ்சுள்ள மீனில் புழு எப்படி உயிரோடு இருக்கும்? தோல், குடல், ஈரலை எடுத்துவிட்டு நன்றாகக் கொதிக்கவைத்தால் சாப்பிடலாம்’ என்கிறார்கள். சரியா? மீன்கள் இப்போது ஃப்ரீசரில் இருக்கின்றன.

பதில்: சாப்பிடாதீர்கள். ஒரு துண்டுகூட வேண்டாம். காரணத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் வீட்டில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

சரி, புழு விஷயத்துக்கு வருவோம். பேத்தையில் இருக்கும் நஞ்சின் பெயர் டெட்ரோடோடாக்சின். நரம்பும் தசையும் வேலை செய்ய, உயிரணுச் சவ்வில் உள்ள சிறு வாசல்கள் வழியாக சோடியம் உள்ளே போக வேண்டும். இந்த நஞ்சு அந்த வாசலில் போய் அடைத்துக்கொள்கிறது. பேத்தைக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? அதன் சோடியம் வாசலில் ஓரிரு அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால் நஞ்சு அங்கே சரியாக ஒட்டுவதில்லை. பேத்தையை நம்பிப் பிழைக்கும் ஒட்டுண்ணிகளும் அந்த உடம்புக்கு ஏற்றபடி பழகியவைதான். பேத்தையின் தோலில் வாழும் ஒரு வகைக் கடல் பேனின் உடம்பிலேயே டெட்ரோடோடாக்சின் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதாவது நஞ்சு ஏறிய நிலையிலேயே அது பிழைத்துக் கிடக்கிறது. புழு உயிரோடு இருப்பதை வைத்து மனிதனுக்கு ஆபத்தில்லை என்று முடிவுகட்ட வழியே இல்லை.

நீங்கள் சதையில் பார்த்த அரிசி போன்றவை பெரும்பாலும் நாடாப்புழுக்களின் இளம்பருவமாக இருக்கும். அவை முதிர்வது சுறா, திருக்கை போன்றவற்றின் குடலில். பேத்தை அவற்றுக்கு ஓர் இடைத்தங்கல். செவுளில் ஒட்டியிருந்தது கொக்கிகளால் பற்றிக்கொண்டு ரத்தம் குடிக்கும் தட்டைப்புழுவாக இருக்கலாம். ஜப்பானில் வளர்ப்புப் பேத்தைகளில் ஹெட்டரோபாத்ரியம் என்ற தட்டைப்புழு பெருகி, செவுள் வெளுத்து, மீன்கள் ரத்தசோகையில் சாகின்றன. மீனுக்கு இது பெரிய தொல்லை. மனிதனுக்கு இந்தத் தட்டைப்புழுவால் கெடுதல் இல்லை.

அப்புறம், எல்லாரும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பொதுவாக மீனில் இருக்கும் புழுக்கள், சதையின் நடுப்பகுதிவரை 60 டிகிரிக்கு மேல் வெந்தால் செத்துவிடும். மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைத்தாலும் சாகும். டெட்ரோடோடாக்சின் இந்த இரண்டுக்கும் அசையாது. கொதிக்கவைத்தாலும், பொரித்தாலும், உப்பிட்டுக் காயவைத்தாலும் அப்படியே இருக்கும். உறைந்த மீனை இளக்கும்போது தோலிலும் ஈரலிலும் இருக்கும் நஞ்சு சதைக்குள் கசிந்து இறங்கவும் செய்யும். உங்கள் ஃப்ரீசர் மீன்களில் புழு செத்திருக்கலாம், நஞ்சு சதைக்குப் பரவியிருக்கலாம்.

உறுப்புகளை எடுத்துவிட்டால் போதும் என்பதும் எல்லா இனத்துக்கும் பொருந்தாது. ஈரலிலும் சினையிலும்தான் பொதுவாக நஞ்சு அதிகம். முட்டையிடும் காலத்தை ஒட்டி இன்னும் கூடும். ஆனால் லகோசெஃபலஸ் லுனாரிஸ் போன்ற இனங்களில் சதையே நஞ்சு. பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும், நஞ்சு குறைந்த உறவினங்களும் உண்டு. பழகியவர்களே மாற்றிப் பிடித்துவிடுகிறார்கள். பேத்தையைச் சமைக்கத் தனி உரிமம் கேட்கும் ஜப்பானிலேயே உணவகங்கள் ஈரலைப் பரிமாறக் கூடாது. 1774இல் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கும் உடன் வந்தவர்களும் ஈரலையும் சினையையும் ருசி மட்டுமே பார்த்தார்கள். கைகால் மரத்துப்போய்த் தப்பினார்கள். மீதியைத் தின்ற பன்றி செத்துக் கிடந்தது. பெரியவர் ஒருவரைக் கொல்ல 1 முதல் 2 மில்லிகிராம் நஞ்சு போதும் என்பது கணிப்பு. நிறமோ மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காது.

இந்த நஞ்சை உண்டாக்குவது மீன் இல்லை, பாக்டீரியாக்கள். இரை வழியாக மீனுக்குள் சேர்கிறது. நஞ்சற்ற தீனி மட்டும் கொடுத்து வளர்த்த பேத்தையில் நஞ்சு இருப்பதில்லை. அதனால்தான் ஒரே இனத்திலும் ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் அளவு மாறுகிறது. ‘நான் முன்பு சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்ற பேச்சை நம்பாதீர்கள். அவர் சாப்பிட்டது வேறு மீன்.

யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், உதடும் நாக்கும் மதமதப்பதுதான் முதல் அறிகுறி. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தெரியும், சிலருக்குச் சில மணி நேரம் ஆகலாம். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விழுங்கும் தசைகள் தளர்ந்தால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். முறிமருந்து கிடையாது. செயற்கை சுவாசம் கொடுத்துத் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் சிகிச்சை. முதல் 24 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் முழுதாகக் குணமடைகிறார்கள். உடல் அசையாமல் கிடந்தாலும் அவருக்கு நினைவு இருக்கலாம், சுற்றிப் பேசுவதெல்லாம் காதில் விழலாம். அதனால் மூச்சு நின்றாலும் கைவிடாமல் செயற்கை சுவாசத்தைத் தொடருங்கள், அவரிடம் பேசிக்கொண்டே இருங்கள்.

மீனைத் தொட்டதற்காகப் பயப்பட வேண்டாம். கையையும் கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். ஃப்ரீசரில் இருப்பதைப் பையோடு எடுத்து, நாயோ பூனையோ தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். அடுத்தமுறை உயிரோடு சிக்கினால் வாய்ப்பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள். நான்கு பற்களும் சேர்ந்து அலகாகிவிட்ட வாய் அது, விரலையே துண்டாக்கும். தண்ணீரை விழுங்கித்தான் அது உப்புகிறது; வெளியே தூக்கினால் காற்றை விழுங்கி, பிறகு அதை வெளியேற்ற முடியாமல் தவிக்கும். அதனால் வலையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே அவிழ்த்து விட்டுவிடுங்கள்.